கீபோட் வாங்கப் போகிறீர்களா?

உங்கள் மகனோ மகளோ கோயில் பாடகர் குழுவில் ஓகன் வாசித்துப் பழகி, இனிக் கல்யாண வீடுகளிலும் மேடைகளிலும் வாசித்து உழைக்கலாம் என்று ஒரு கீபோட் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். காப்பை அடகு வைத்தாவது வாங்கிக் கொடுப்போம் என்று நீங்களும் எண்ணுவீர்கள். கடைக்குப் போகுமுன் சில விடயங்களை நோக்குவோம்.

வீட்டில் வாசிக்கும் வாத்தியம் வேறு. கிழமைக்கு இரண்டு இடம் தூக்கிச் சென்று வாசிக்கும் வாத்தியம் வேறு. ஆகையால் முதலில் பாரத்தைப் பாருங்கள். 1954இல் வெளிவந்த ஹமண்ட் பி-3 ஓகன், இருக்கையும் கால்மிதிகளும் சேர ஏறக்குறைய 190 கிலோ நிறுக்கும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்-7 ஏறத்தாழ 14 கிலோதான். அதன் புதுமையான ஒலியைப் போலவே, ஒருவரே தூக்கக்கூடிய பாரமும் மேடைக்காரரைக் கவர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்தது கட்டைகள். 88 கட்டையும் பியானோவைப் போன்ற சுத்தியல் பொறியும் உள்ள வாத்தியம், முறைப்படி பியானோ பயின்ற கைக்கு நன்கு ஒத்துவரும். ஆனால் பைலாவும் சினிமாப் பாட்டும் வாசிக்கும் பிள்ளைக்கு அது தேவையற்ற சுமை. வேகமான ஓகன் வாசிப்புக்குப் பாரமற்ற 61 அல்லது 76 கட்டையே இலகு. நமது பாட்டுகளை வாசிப்பவர், இடப்பக்கத்திலுள்ள சுருதி வளைக்கும் சில்லையும் கவனிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நாதஸ்வர ஒலியிலோ வீணை ஒலியிலோ கமகம் பிடிக்க முடியாது.

தானாகவே தாளமும் பின்னணியும் போடும் கீபோட்டை ‘அரேஞ்சர்’ என்பர். பாடகர் ஒருவருடன் தனியாகப் போய் வாசிக்கிறவருக்கு அது சோறு போடும். ட்ரம்ஸ், கிற்றார் எல்லாம் உள்ள குழுவில் சேருகிறவருக்கோ அந்தத் தாளத்தால் பயனில்லை; அதே காசுக்கு நல்ல பியானோ, ஓகன் ஒலிகள் உள்ள மேடைக் கீபோட்டை வாங்கலாம். எனவே, “எது நல்லது?” என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், “யாரோடு வாசிக்கப் போகிறாய்?” என்று பிள்ளையைக் கேளுங்கள்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்புவதாகச் சொன்னால் மின்சாரத்தை மறவாதீர்கள். கனடாவில் 120 வோல்ற், ஜப்பானில் 100 வோல்ற், இங்கே 230. மின்சாரப் பெட்டியில் ‘100-240’ என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. அப்படியில்லாததை நேரே செருகினால் வாத்தியமே எரிந்து போகலாம். பெட்டி தொலைந்தால் வேறொன்றைக் கண்டபடி பொருத்தவும் வேண்டாம். வோல்ற் ஒன்றாயிருந்தும் நேர், மறை முனைகள் மாறியிருப்பதுண்டு.

இதை நான் பட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு கல்யாண வீட்டில், பொண்ணு மாப்பிள்ளை உள்ளே வரும் வேளையில், மின்பிறப்பாக்கியை மாற்றுவதற்காக மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்தினார்கள். விளக்குகள் உடனே எரிந்தன. என் கீபோட் மீண்டும் ஆயத்தமாக அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அத்தனை பேரும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! கணினிக்கு வைக்கும் யூபிஎஸ் ஒன்றை அன்று முதல் கூடவே கொண்டு போகிறேன்.

மேடையில் இன்னொரு தவறு அடிக்கடி நேர்கிறது. பியானோ ஒலி பெரும்பாலும் இடம், வலம் என இரு பாகமாகப் பதிந்திருக்கும். ஒலிபெருக்கிக்காரர் ஒரு வயர் மட்டும் தந்தால், ‘இடது/மோனோ’ என்று எழுதிய துளையிலேயே செருக வேண்டும். வலது துளையில் செருகினால் பாதி ஒலிதான் போகும். வயர் ஐந்தாறு மீற்றருக்கு மேல் நீளுமானால் இரைச்சல் ஏறும். அதற்கு ‘டிஐ’ பெட்டி ஒன்றை இடையில் வையுங்கள். விலை அதிகமில்லை.

கால்மிதி தலைகீழாக வேலை செய்தால், அதாவது மிதிக்காதபோது ஒலி நீண்டால், பழுதென்று எறிந்துவிடாதீர்கள். வாத்தியத்தை நிறுத்தி, மிதியில் கால் வையாமல் மீண்டும் இயக்குங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் கீபோட்டுக்கே கொடுத்துவிட வேண்டாம். ஆடாத தாங்கி, தடித்த உறை, மிதி, மேலதிக வயர் இரண்டு ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள். கடைக்குப் பிள்ளையையும் கூட்டிச் சென்று, மேடையில் நிற்பதுபோல் நின்றபடி அரை மணி நேரம் வாசிக்க விடுங்கள். பிறகு அதை உறையில் போட்டு, வாசல் வரை தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள்.