கடினமானால் உறுதியா?

எங்கள் ஓசூர்ப் பகுதியில் பத்தாம் வகுப்பு முடித்து ஐடிஐ வெல்டர் பிரிவுக்குச் செல்லும் மாணவர்கள் உண்டு. "வெல்டிங் கடினமாக இருந்தால் உறுதிதானே, சார்?" என்பார்கள். இல்லை. பற்றவைப்பை ஒட்டிய கார்பன் எஃகு சட்டெனக் குளிர்ந்தால் மார்ட்டென்சைட்டாகிக் கடினமாகும். ஹைட்ரஜனும் சேர்ந்தால் மறுநாள்கூட விரிசல் விடலாம். ஆகவே, பற்றவைக்கும் முறையை ஏற்குமுன் மாதிரித் துண்டை வெட்டி, மெருகேற்றி, வைரமுனையால் அழுத்தி விக்கர்ஸ் கடினத்தன்மையை அளக்கிறார்கள். ஐஎஸ்ஓ 15614-1 தரத்தில், வெப்பப் பதப்படுத்தாத சாதாரண எஃகுக்கு வரம்பு 380. ஹைட்ரஜன் சல்பைடு செல்லும் குழாய்களுக்குப் பொதுவாக 250. இரண்டுமே அதிகபட்ச வரம்புகள். மாணவர்கள் வியப்பது இங்கேதான்.

வகுப்பில் காட்ட இரண்டு தையல் ஊசிகள் போதும். செஞ்சூடாக்கி, ஒன்றை நீரில் அமிழ்த்துங்கள். மற்றதைச் சுடரிலிருந்து மெல்ல மெல்ல உயர்த்தி ஆறவிடுங்கள். குறட்டால் வளைத்தால் முதலாவது படக்கென ஒடியும், இரண்டாவது வளையும். துண்டு தெறிக்கும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து ஆசிரியரே செய்ய வேண்டும்.