திரையும் ஆசிரியரும்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் இடையே ஸ்ரீரங்கம் தீவாக நிற்கிறது. வானிலிருந்து எடுத்த படத்தைத் திரையில் காட்டினால் ஏழாம் வகுப்பு மாணவனுக்கு இது நொடியில் விளங்கிவிடும். ஆயினும், 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது ஒன்பது மதகுகள் இடிந்தது ஏன் என்று வினவி, அவனைச் சிந்திக்கச் செய்ய ஆசிரியரே வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் இணைப்பதைக் கலப்புக் கற்றல் என்கிறோம்.

தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டு வருகிறது. கைப்பேசியால் அதைப் படித்தால் பாடத்துக்குரிய படக்காட்சி கிடைக்கும். 2019-இல் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. கருவிக்குப் பஞ்சமில்லை, பயன்படுத்தும் முறைதான் பழக வேண்டும்.

முதலில் ஒரு வகுப்பு, வாரம் ஒரு பாடம் போதும். பாதி மாணவர் கால்மணி நேரம் திரையைக் காணட்டும். மீதிப் பாதியினர் ஆசிரியருடன் ஆற்றின் வரைபடம் வரையட்டும். பின்பு இடம் மாறலாம். இறுதியில் அனைவரும் கூடிக் கேள்வி கேட்க வேண்டும். இதனை விட்டுவிட்டால், சினிமாக் கொட்டகைக்கும் வகுப்புக்கும் வேற்றுமை இராது!

படக்காட்சியை வீட்டுப்பாடமாகத் தருவதை நாம் ஏற்பதற்கில்லை. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கண்டோம்: வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தகப்பனாருடன் வயலுக்குப் போய்விடும், பிள்ளை பின்தங்கிவிடும். ஆதலால் திரை பள்ளியிலேயே இருக்கட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் ஊராட்சி உறுப்பினர்கள், புதிய கருவி கேட்குமுன் வகுப்பறையில் மின்இணைப்புச் சரியாக உள்ளதா, இருப்பவை பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று நேரில் பார்த்து வருவார்களாக.