நிறுவன நடத்தை: பாடநூலா, கேஸா, மூல ஆய்வா?

எம்.பி.ஏ. வகுப்புக்கு நிறுவன நடத்தைப் பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியர்கள் பலர் தலைப்புகளில்தான் தொடங்குகிறார்கள். வகுப்பில் உட்காரப்போவது யார் என்பதில் தொடங்குவதே மேல். பட்டப்படிப்பு முடித்த கையோடு வருபவர்களா, வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் வருபவர்களா?

பாடநூல் வழி எளிது. ராபின்ஸின் பாடநூலை எடுத்து ஆளுமை, ஊக்கம், குழு, தலைமை என்று வரிசையாகப் போகலாம். வினாத்தாள் எடுப்பதும் சுலபம். ஆனால் மாஸ்லோவின் பிரமிடை அழகாக வரைந்து மதிப்பெண் வாங்குபவருக்கு, மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிரமிடே இல்லை என்பது கடைசிவரை தெரியாது.

கேஸ் முறை ஹார்வர்டின் அடையாளம். 1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம்.மும் அதையே கைக்கொண்டது. மேலதிகாரியோடு மல்லுக்கட்டியவர்கள் இருக்கும் வகுப்பில் இது சூடுபிடிக்கும். அனுபவமில்லாதவர்களிடம், 'மேனேஜர் உட்கார்ந்து பேசியிருக்கணும் சார்' என்பதோடு விவாதம் படுத்துவிடும். அவர்களுக்கு, தகவல் முழுவதும் ஆவணமாகக் கிடைக்கும் நிகழ்வுகளே பொருத்தம். 1986 சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்து அப்படிப்பட்டது. கடுங்குளிரில் ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவே பொறியாளர்கள் வாதாடினார்கள். அவர்களுடைய நிர்வாகமே அதைப் புரட்டிப்போட்டது.

என் ஓட்டு மூல ஆய்வுகளுக்கு. எண்ணிக்கையில் கொஞ்சமாக, ஆனால் ஆழமாக. சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளைப் பாடநூல் ஒரே பத்தியில் முடித்துவிடும்: கவனித்தார்கள், உற்பத்தி கூடியது. விரிவாகப் படித்தால், ரிலே பூட்டும் அறையில் இருந்த பெண்களில் இருவரை அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று நடுவிலேயே மாற்றியது தெரியும். ஊதியக் கணக்கையும் அந்தச் சிறு குழுவுக்கென்று தனியாக்கியிருந்தார்கள். உற்பத்தி கூடியது எதனால்? இரண்டு வகுப்புகளுக்குத் தாங்கும் கேள்வி.

கூடவே நம் நாட்டு ஆய்வு ஒன்று. அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த பலன் இல்லை. டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் 1953இல் வேலையைச் சிறு குழுக்களிடம் தறித்தொகுதியாக ஒப்படைக்க வழிசெய்தார். உற்பத்தி ஏறியது, சேதம் குறைந்தது. ஈரோடு, கோவை மாணவர்களுக்குத் தறியை விளக்கவே வேண்டாம்.

பல்கலைக்கழகமே ஐந்து யூனிட்டுகளை வரையறுத்து அனுப்பும் இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டம் ஆசிரியர் கையில் இல்லை. அங்கே பாடநூலை வீட்டு வாசிப்புக்கு விட்டு, யூனிட்டுக்கு ஓர் ஆய்வை வகுப்பில் படிக்கலாம். அகமதிப்பீட்டைத் தேர்வாக வைக்காமல் அந்த ஆய்வின்மேல் விமர்சனக் கட்டுரையாகக் கேட்கலாம். தன்னாட்சிக் கல்லூரியானால் வினாத்தாளிலும் கைவைக்க வேண்டும். ஹெர்ஸ்பர்க்கின் இருகாரணிக் கோட்பாட்டை விவரி என்றே கேள்வி வருமானால், மாணவர்கள் மூல ஆய்வை மூடிவிட்டு கைடுதான் வாங்குவார்கள்.