கிணற்றடியில் திருப்புதல்

நுழையும்முன்

தேர்வு நெருங்குகையில் மாணவர் மேற்கொள்ளும் பணிக்குத் திருப்புதல் என்று பெயர். அப்போது திரும்புவன ஏட்டின் பக்கங்கள் மட்டும்தாமா, ஏட்டில் உள்ள கருத்துகளும் நம் உள்ளத்துள் திரும்பி வருகின்றனவா? இயற்பியலையும் உயிரியலையும் நாம் தனித்தனி நூல்களில் கற்கிறோம். ஊரில் உள்ள கிணறும் மரமும் முட்டையும் அவற்றைச் சேர்த்தே வைத்திருக்கின்றன. கற்ற கருத்துகளைக் கண்முன் உள்ள பொருள்களைக் கொண்டு மீட்டுச் சொல்லிப் பார்க்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சொல் பிறந்த நிலம்

நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோடு வட்டத்தில் உள்ள பேரூர் மல்லசமுத்திரம். பருத்தி ஏலத்தால் சுற்றுவட்டாரத்தில் அறியப்பட்ட ஊர். பேரூரின் பெயரில் சமுத்திரம் இருப்பினும், வயல்களுக்குக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் நீர் தருகின்றன. அருகிலுள்ள திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுவதும் பெயர்பெற்றது.

நாமக்கல் தனி மாவட்டமாகிய 1997ஆம் ஆண்டுக்கு முன்னர் இப்பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அறிவியல் தமிழின் வரலாற்றில் சேலத்திற்கு இடமுண்டு. அங்கே வழக்குரைஞராக விளங்கிய இராஜாஜி, தமிழில் அறிவியல் கலைச்சொற்களை ஆக்குவதற்கென 1916ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். இயற்பியல், வேதியியல், தாவரவியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்குரிய சொற்களை அச்சங்கம் உருவாக்கியது. பின்னர் 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி அங்கு வாழ்ந்தார். வேதியியலை எளிய தமிழில் விளக்கும் நூலுக்கு அவர் சூட்டிய பெயர் ‘திண்ணை இரசாயனம்’. ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றித் திண்ணையில் அமர்ந்தும் அறிவியலைப் பேசலாம் என்பதை அப்பெயரே உணர்த்துகிறது. திண்ணையில் பேச இயலுமாயின் கிணற்றடியிலும் பேச இயலும் அன்றோ?

படித்தலும் மீட்டலும்

ஒரு பாடத்தை மீண்டும் மீண்டும் படிக்கும்போது அது நமக்கு நன்கு தெரிந்ததுபோல் தோன்றும். அத்தோற்றம் பலவேளைகளில் ஏமாற்றிவிடும். அமெரிக்க உளவியலாளர்களாகிய ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். மாணவருள் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்தபின், நினைவில் நின்றவற்றை ஏட்டைப் பாராமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, இருமுறை படித்தவர்கள் 42 விழுக்காட்டையும் மீட்டு எழுதியவர்கள் 56 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர்.

எனவே, ஏட்டை மூடிவைத்து, ‘இது ஏன் இவ்வாறு நிகழ்கிறது?’ என்று தம்மைத் தாமே வினவி விடைகூறுதல் நல்ல திருப்புதலாகும். கேள்வி கேட்க ஒரு பொருள் முன்னே இருந்தால் விடை இன்னும் தெளிவுபெறும். கிணற்றிலிருந்து தொடங்குவோம்.

கிணற்றில் ஒரு கணக்கு

முற்காலத்தில் உழவர்கள் கவலை ஏற்றத்தால் நீர் இறைத்தனர். எருதுகள் சரிவான தடத்தில் இறங்கி நடக்க, நீர் நிறைந்த சால் மேலே வரும். சரிவில் இறங்குவதால் எருதுகளின் எடையும் இழுப்புக்குத் துணைநின்றது. 100 கிலோகிராம் நீரைப் 10 மீட்டர் உயர்த்தச் செய்யப்படும் வேலை எவ்வளவு? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் 100 × 9.8 × 10 = 9800 ஜூல். வேலை என்னும் சொல்லுக்கு இயற்பியல் தரும் பொருளும் உழவர் உணர்ந்த பொருளும் இங்கு ஒன்றுபடுகின்றன.

பின்னர் மின்மோட்டார் வந்தது. கிணறுகளில் நீர்மட்டம் தாழத் தாழ, மேலே இருந்த மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை அமைத்து இறக்கி வைத்தனர். அதற்குக் காரணம் என்ன? உறிஞ்சும் பம்பு நீரை இழுப்பதாக நாம் கூறுகிறோம். உண்மையில் பம்பு தன் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே நீர்ப்பரப்பின்மீது அழுத்தும் வளிமண்டலமே நீரைக் குழாய்க்குள் மேலேற்றுகிறது. வளிமண்டலத்தின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. 1643ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி, வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்குவதைக் காட்டினார். பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே அதே அழுத்தம் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம் 76 × 13.6 = 1033.6 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 10.3 மீட்டர். எத்துணை வலிய பம்பாயினும், மேலே நின்று உறிஞ்சினால் இவ்வெல்லையைக் கடத்தல் இயலாது. நடைமுறையில் இதனினும் குறைந்த ஆழத்திலிருந்தே நீர் ஏறும்.

ஆழ்துளைக் கிணற்றில் இறக்கப்படும் சப்மெர்சிபிள் மோட்டார் இவ்வெல்லைக்கு உட்பட்டதன்று. அது நீருக்குள் மூழ்கியிருந்து, நீரைக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. 100 மீட்டர் உயரம் தள்ள வேண்டுமாயின், 1000 × 9.8 × 100 = 9,80,000 பாஸ்கல் அழுத்தத்தை அது உண்டாக்க வேண்டும். இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு.

மோட்டார் இல்லாத மரம்

அதே கிணற்றடியில் 20 மீட்டர் உயரமுள்ள ஒரு தென்னை நிற்பதாகக் கொள்வோம். உறிஞ்சும் பம்பால் 10.3 மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற இயலாதென்றால், தென்னையின் உச்சிக்கு நீர் எவ்வாறு சென்றது? இவ்வினா உயிரியலுக்குரியது, விடையின் பெரும்பகுதி இயற்பியலுக்குரியது.

மண்ணிலுள்ள நீர் சவ்வூடு பரவலால் வேர்த்தூவிகளுக்குள் புகுகிறது. பின்னர் வேரின் செல்களைக் கடந்து சைலக் குழாய்களை அடைகிறது. இலைத்துளைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுவதை நீராவிப்போக்கு என்கிறோம். இலைச்செல்களின் சுவரிலிருந்து நீர் ஆவியாகுந்தோறும், அவ்விடத்தை நிரப்பக் கீழுள்ள நீர் மேலே இழுக்கப்படுகிறது. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. இவ்வோரினக் கவர்ச்சியால், வேர் முதல் இலை வரை சைலத்துள் நீளும் நீர்த்தம்பம் அறுபடாத கயிறுபோல் நிற்கிறது. கவலை ஏற்றத்தின் வடம் அறாதிருக்கும்வரை சால் மேலே வருவதைப்போல, இந்நீர்வடமும் இழுப்பைத் தாங்கி மேலேறுகிறது. இக்கொள்கையை 1894ஆம் ஆண்டில் டிக்சன், ஜாலி என்னும் அயர்லாந்து அறிஞர்கள் வெளியிட்டனர்.

உறிஞ்சும் பம்பில் நீர் வளிமண்டலத்தால் கீழிருந்து தள்ளப்படுகிறது. மரத்தில் நீர்த்தம்பமே மேலிருந்து இழுக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர் அழுத்தம், சவ்வூடு பரவல், நீராவிப்போக்கு, ஓரினக் கவர்ச்சி ஆகிய நான்கையும் ஒருசேரத் திருப்பியவராகிறார்.

முட்டை சொல்லும் அடர்த்தி

முட்டை உற்பத்திக்குப் பெயர்பெற்றது நாமக்கல். புதிய முட்டையை நீரில் இட்டால் மூழ்கும். நெடுநாள்பட்ட முட்டை மிதக்கும். வீட்டில் தாய்மார் நன்கறிந்த இச்சோதனைக்கு விளக்கம் யாது?

முட்டையின் ஓட்டில் கண்ணுக்குப் புலப்படாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அடைகாக்கும் 21 நாள்களிலும் ஓட்டுக்குள் வளரும் கரு இத்துளைகளின் வழியே ஆக்சிஜனைப் பெற்று, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. அதே துளைகளின் வழியே முட்டையிலுள்ள நீரும் சிறிது சிறிதாக ஆவியாகிறது. நீர் வெளியேறிய இடத்தில் காற்று நிரம்புகிறது. முட்டையின் பருமன் மாறுவதில்லை, நிறை குறைகிறது. ஆகவே அடர்த்தியும் குறைகிறது. அது நீரின் அடர்த்தியைவிடக் குறையும்போது, மிதப்பு விசை முட்டையை மேலே கொணர்கிறது. சுவாசத்திற்கு வழிவிட்ட துளையே மிதத்தலுக்கும் காரணமாயிற்று.

அடர்த்தி குறைந்தது மேலேறும். மிகுந்தது கீழே தங்கும். காற்றோட்டமற்ற இடத்தில் வாயுக்களுக்கும் இது பொருந்தும். இதனை மனத்திற்கொண்டு மீண்டும் கிணற்றை எட்டிப் பார்ப்போம்.

கிணற்றின் அடியில் உள்ள காற்று

நெடுநாள் பயன்படாத ஆழ்ந்த கிணற்றைத் தூர்வாரவோ, அதனுள் உள்ள மோட்டாரைப் பழுதுபார்க்கவோ இறங்கியவர்கள் மயங்கி விழுந்து உயிரிழந்த செய்திகளை நாம் அவ்வப்போது கேள்விப்படுகிறோம். அவரைக் காக்க இறங்கியவரும் உயிரிழப்பதுண்டு. அங்கே நிகழ்வது என்ன?

கிணற்றின் அடியில் இலைதழைகள் மட்குகின்றன. அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் சுவாசிக்கும்போது ஆக்சிஜன் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு பெருகுகிறது. காற்றின் சராசரி மூலக்கூறு நிறை ஏறத்தாழ 29; கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு நிறை 44. காற்றைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியுடைய இவ்வாயு, காற்றோட்டமில்லாத குழியின் அடியில் தேங்கிவிடுகிறது. இதுவரை இயற்பியலும் வேதியியலும்.

இனி உயிரியல். நாம் உள்ளிழுக்கும் காற்றில் இயல்பாக 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் அதனை ஏந்திச் செல்களுக்குக் கொண்டுசெல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் அது ஆற்றலை விடுவிக்கத் துணைபுரிகிறது. மூளைச் செல்கள் ஆக்சிஜன் இன்றிச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்கா. காற்றில் ஆக்சிஜன் 10 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தால், மனிதர் விரைவில் நினைவிழப்பர். மூச்சுத் திணறுவதை உணர்ந்து மேலேறுவதற்குள் கைகால்கள் தளர்ந்துவிடும்.

எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது முன்னோர் வழக்கம். ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காடாகக் குறையும்போது சுடர் அணையும் என்பதால், அவ்வழக்கத்தில் அறிவியல் உண்டு. ஆயினும் அதனை மட்டுமே நம்புதல் தவறு. கிணற்றுக்குள் டீசல் எஞ்சினை இயக்கினால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிணைப்புடன் அதனைப் பற்றிக்கொள்ளும். நிறமும் மணமும் அற்ற அந்நஞ்சைச் சுடர் காட்டிக்கொடுக்காது. எரியும் தன்மையுள்ள வாயு தேங்கியிருப்பின் சுடரே பேரிடராக முடியும். வாயு அளவிடும் கருவியால் சோதித்தல், காற்றைச் செலுத்துதல், இறங்குபவரை மேலிருப்போர் இழுத்துயர்த்தும் வகையில் பாதுகாப்புக் கயிற்றால் பிணைத்தல் ஆகியவையே உரிய வழிகள். ஒருவர் உள்ளே மயங்கிவிட்டால், பதறி இறங்காமல் தீயணைப்புத் துறையை உடனே அழைத்தல் வேண்டும்.

அடர்த்தி, சுவாசம் என்னும் இரண்டும் தேர்வில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்குரிய வினாக்களாக வரலாம். கிணற்றின் விளிம்பில் கயிற்றுடன் நிற்பவருக்கு, இறங்கலாமா கூடாதா என முடிவெடுக்கத் துணைநிற்பன அவ்விரண்டுமே.

முடிவுரை

இராஜாஜி காலத்தில் தமிழில் அறிவியலுக்குச் சொல் தேடவேண்டியிருந்தது. இன்று சொற்கள் நம் ஏடுகளில் நிறைந்துள்ளன. அச்சொற்களுக்குரிய பொருள்களை ஊரில் தேடிக் காணுதல் நம் பொறுப்பாகும். ஒரு நாளைக்கு ஒரு பொருளைத் தேர்ந்து, அதனோடு தொடர்புடைய கருத்துகளை ஏட்டைப் பாராமல் சொந்தச் சொற்களில் எழுதுக. பின்னர் ஏட்டைத் திறந்து, விடுபட்டவற்றையும் பிழைபட்டவற்றையும் திருத்துக. சில நாள்கள் கழித்து மீண்டும் எழுதுக. அவ்வாறு திருப்பிய பாடம் தேர்வுக்கூடத்தில் கைகொடுக்கும். தேர்வுக்குப் பின்னரும் உடன்வரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதனோடு தொடர்புடைய இயற்பியல் கருத்துகள் இரண்டையும் உயிரியல் கருத்துகள் இரண்டையும் எழுதி வகுப்பறையில் விளக்குக.

2. நீர் இறைத்தல் தொடர்பாக உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா

1. நெடுநாள்பட்ட முட்டை நீரில் மிதப்பது ஏன்?

2. ‘திண்ணை இரசாயனம்’ என்னும் நூற்பெயர் உணர்த்தும் கருத்து யாது?

சிறுவினா

1. உறிஞ்சும் பம்பில் நீர் ஏறுவதற்கும் தென்னையில் நீர் ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

2. மீண்டும் படித்தலைவிட மீட்டு எழுதுதல் சிறந்தது என்பதைச் சான்றுடன் நிறுவுக.

நெடுவினா

1. பயன்படாத கிணற்றில் இறங்குவதால் விளையும் இடரை இயற்பியல், உயிரியல் கருத்துகளின் துணைகொண்டு விளக்கி, ஊர்மக்களுக்கான விழிப்புணர்வு உரை ஒன்றை எழுதுக.