ஃபோவியாட்டஸைப் படித்துவிட்டுப் பெயர் வை

அன்புள்ள தம்பிக்கு,

கையில் இருக்கும் மென்ஓட்டு ஆமைத் துண்டைப் புதிய இனமாக அறிவிக்கும் ஆசை உனக்கு வரும். அதற்கு முன் ஃபோவியாட்டஸ் என்ற பெயர் பட்ட பாட்டைப் படித்துவிடு.

1855இல் ஃபெர்டினாண்ட் ஹேடன், இன்றைய மொன்டானாவில் ஜூடித் ஆற்றுப் பகுதியில் பொறுக்கிய எலும்புகள் பிலடெல்பியாவில் ஜோசப் லெய்டியிடம் வந்தன. ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டுப் பழமையானவை. அவற்றிலிருந்த குழிகுழியான ஓட்டுத் துண்டுகளுக்கு 1856இல் அவர் டிரையோனிக்ஸ் ஃபோவியாட்டஸ் என்று பெயரிட்டார். மென்ஓட்டு ஆமை என்றாலே டிரையோனிக்ஸில் சேர்ப்பது அன்றைய வழக்கம். லெய்டியை நான் குறை சொல்ல மாட்டேன்; அவரிடம் இருந்தவை துண்டுகள்தான்.

1904இல் ஆலிவர் ஹே, கங்கை ஆமையை மூலமாக வைத்து அஸ்பிடெரெடிஸ் என்ற பேரினத்தை நிறுவினார். முதல் விலாத் தகட்டு இணைக்கு நடுவே இரண்டு முதுகுத் தகடுகள் இருப்பது அதன் அடையாளமாகக் கருதப்பட்டது. வட அமெரிக்கப் படிவங்களிலும் அது தெரிந்ததால் ஃபோவியாட்டஸும் கங்கை ஆமையின் பேரினத்துக்குப் போனது. இங்கேதான் நீ நிதானிக்க வேண்டும். அந்தக் கூடுதல் தகடு வேறு மென்ஓட்டு ஆமைகளிலும் உண்டு. பாட்டன் காலத்துப் பாத்திரம் இரண்டு வீட்டில் இருந்தால் அந்த வீட்டார் உடன்பிறந்தவர்கள் என்று ஆகிவிடுமா? முன்னோரிடமிருந்து அப்படியே தங்கிவிட்ட அமைப்பு நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. ஒரு கிளையில் புதிதாகத் தோன்றிய பண்பைத்தான் தேட வேண்டும்.

1987இல் பீட்டர் மெய்லன் வாழும் மென்ஓட்டு ஆமைகளின் எலும்புகளை ஆராய்ந்து வகைப்பாட்டையே புரட்டிப்போட்டார். டிரையோனிக்ஸ் என்ற பெரும் பேரினம் கலைந்தது. 1995இல் கார்ட்னர், ரஸ்ஸல், பிரிங்க்மன் மூவரும் ஃபோவியாட்டஸை அஸ்பிடெரெடாய்டிஸ் என்ற புதிய பேரினத்தில் வைத்தார்கள்.

ஆனால் நான் உன்னிடம் வற்புறுத்துவது, அவர்களில் முதல் இருவரும் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஆய்வைப் படிக்கும்படிதான். ஓட்டின் அமைப்பு ஒரே இனத்துக்குள்ளேயே எவ்வளவு மாறுகிறது, அது புதைபடிவங்களை இனம் பிரிப்பதை எப்படிப் பாதிக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். புகழ் தராத உழைப்பு. எனக்கு அதன் மேல்தான் மதிப்பு அதிகம்.

ஆகவே நீ முதலில் அருங்காட்சியகத்தில் வாழும் இனங்களின் எலும்புக்கூடுகளைப் பார். குஞ்சு முதல் முதிர்ந்தது வரை ஒரே இனத்தின் ஓடுகளை வரிசையாக வைத்து அள. உன் துண்டின் குழிகள் அந்த வேறுபாட்டுக்குள் அடங்கினால், சீட்டில் ‘மென்ஓட்டு ஆமைக் குடும்பம்’ என்று மட்டும் எழுது. கிடைத்த இடத்தையும் பாறை அடுக்கையும் பிழையில்லாமல் குறித்து, எண்ணிட்டு, எவரும் எடுத்துப் பார்க்கும்படி சேகரிப்பில் வை.

அன்புடன்,
உன் அண்ணன்