காத்திரா முறை: லினக்ஸ் உட்கருவில் மறையாக்கம்

பிறர் அறியலாகாச் செய்தியை மறைத்து விடுத்தல் மக்கட்குத் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இக்காலத்தில் வங்கிக் கணக்கு முதல் நண்பர் மடல் ஈறாக யாவும் கணினி வழியே செல்லுதலின், அவற்றை மறைக்குந் தொழிலும் கணினிக்கே உரியதாயிற்று. ஆயின் அத்தொழிலைக் கணினி எவரிடம் ஒப்புவிக்கின்றது, ஒப்புவித்தபின் என் செய்கின்றது என்பனவற்றை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஈண்டு அதன் ஒரு கூற்றினை ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இஃது அயலான பொருள்போலத் தோன்றலாம். எனினும் இதன் உயிர்நிலை, ஒப்படைத்தலும் ஒப்படைத்த சொற்குப் பொருள் திரியாமையுமே யாதலின், இலக்கணம் பயின்றார்க்கு இஃது அத்துணைச் சேய்மைத்தன்று.

உட்கருவும் மறையாக்கமும்

கணினியில் இயங்கும் நிரல்கள் அனைத்தையும் ஆண்டு நடத்துவது இயக்க முறைமை. அதன் நடுவாய் நின்று, செயலி, நினைவகம், வட்டு, வலைப்பின்னல் ஆகியவற்றை நிரல்கட்குப் பங்கிட்டளிப்பது கெர்னல் என வழங்கும் உட்கரு. பின்லாந்து நாட்டில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் உட்கரு, இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் மீக்கணினி வரை இயங்குகின்றது. அவ்வுட்கருவில் மறையாக்கத்திற்கெனப் பொதுவானதோர் இடைமுகம் 2002ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது. இடைமுகமாவது, வேலையை வேண்டுவோர்க்கும் அதனைச் செய்வோர்க்கும் இடையே அமைந்த ஒப்பந்த வாயில் என்க. வலைப்பின்னலிற் செல்லும் பொதிகளை மறைக்கும் ஐபிசெக் என்னும் பகுதியும், வட்டில் எழுதப்படுவனவற்றை மறைக்கும் டிஎம்-கிரிப்ட் என்னும் பகுதியும் இவ்வாயிலின் வழியே தம் வேலையை வேண்டிப் பெறுகின்றன.

அவ்வேலையின் அளவைச் சிறிது காண்போம். இன்று பெருவழக்கிலுள்ள மறையாக்க முறை ஏ.இ.எஸ். என்பது. பெல்ஜிய அறிஞர்களாகிய யோன் டாமன், வின்சென்ட் ரெய்மன் என்னும் இருவர் வகுத்த இதனை அமெரிக்க அரசின் தரநிறுவனம் 2001ஆம் ஆண்டிற் பொதுத்தரமாக ஏற்றது. இது செய்தியை 16 பைட்டுக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் சாவியின் நீளத்திற்கேற்ப 10, 12 அல்லது 14 சுற்றுக்கள் உருமாற்றும். 1,500 பைட்டுடைய ஒரு வலைப்பொதியில் இத்தகைய கட்டங்கள் ஏறத்தாழ 94 உள. நொடிக்கு நூறு கோடி பிட்டுக்களைக் கடத்தும் வலைப்பின்னலில் அத்தகைய பொதிகள் நொடிக்கு 80,000க்கு மேல் வந்து சேரும். எனவே ஒரு பொதிக்குக் கிடைக்கும் காலம், நொடியைப் பத்து இலட்சம் கூறிட்டு அவற்றுள் பன்னிரு கூறே. இத்துணைக் குறுகிய காலத்தில் செயலியே அனைத்தையும் செய்து முடித்தல் அரிதாயிருந்த நாளில், மறையாக்கத்திற்கென்றே தனிப்பொறிகள் செய்யப்பட்டுக் கணினியில் இணைக்கப்பட்டன.

காத்திருக்கும் முறை

முதலில் அமைந்த இடைமுகம் காத்திருக்கும் முறையினது. வேண்டுவோன் செய்தியையும் சாவியையும் கொடுப்பான்; வேலை முற்றுப்பெற்ற பின்னரே அழைப்பு மீளும்; அதுகாறும் அவன் வேறொன்றும் செய்யான். மாவரைக்கும் ஆலைக்கு அரிசியைக் கொண்டுசென்ற ஒருவன், அரைத்து முடியும் வரை ஆலை வாயிலிலேயே நிற்றலை இஃது ஒக்கும். அரைப்பவனும் தானேயாயின் இதில் யாதொரு குறையுமில்லை. செயலியே மறையாக்கத்தைச் செய்யுங்கால், காத்திருத்தல் என்பது வேலை செய்தலேயன்றி வேறன்று.

அரைப்பது தனிப்பொறியாயின் நிலைமை வேறாகின்றது. அப்பொறி, செயலியின் துணையின்றித் தானே நினைவகத்தினின்றும் செய்தியைப் படித்து, உருமாற்றி, மீண்டும் நினைவகத்தில் எழுதி, முடிந்தபின் 'குறுக்கீடு' என்னும் மணியொலியாற் செயலிக்கு அறிவிக்கும். இடைப்பட்ட காலத்திற் செயலி வாளா நிற்பின் பொறியை அமர்த்தியதன் பயன் யாது? அதனைத் துயிலச் செய்து பிற வேலைக்கு இடங்கொடுக்கலாமே எனின், எல்லா இடத்தும் அது கூடுவதன்று. வந்த பொதியை வாங்கும் உட்கருப் பகுதி, துயில்தற்கு உரிமையில்லாத நிலையில் இயங்குவது. அஃது உறங்கின் அச்செயலியின் ஒழுங்கே குலையும். ஆகவே ஐபிசெக் போன்ற பகுதிக்கு நிற்றலும் வீண், உறங்கலும் தீது என்னும் இருதலைத் துன்பம் நேர்ந்தது.

காத்திரா முறை

இதனைத் தீர்க்க எழுந்ததே அசிங்க்ரனஸ் எனப்படும் காத்திரா முறை. 2004, 2005ஆம் ஆண்டுகளில் யெவ்கேனி பொல்யகோவ் என்பார் இதற்கெனத் தனியடுக்கு ஒன்றை எழுதி முன்வைத்தார். பின்னர் 2007ஆம் ஆண்டில், மறையாக்கப் பகுதியைப் பேணிவந்த ஹெர்பர்ட் சூ என்பார், முன்னிருந்த இடைமுகத்தினுள்ளேயே காத்திரா முறையைச் சேர்த்தார். 2008ஆம் ஆண்டில் ஐபிசெக், டிஎம்-கிரிப்ட் ஆகிய இரண்டும் அதனைக் கைக்கொண்டன.

அதன் அமைப்பு எளிது. வேண்டுவோன் ஒரு வேண்டுகோட் சீட்டை நிரப்புவான். செய்தி நினைவகத்தில் எங்குளது, விடை எங்கு எழுதப்படல் வேண்டும், முடிந்தபின் எந்த நிரற்பகுதியை அழைத்தல் வேண்டும் என்பன அதில் எழுதப்படும். ஈற்றிற் கூறியதனை மீட்டழைப்பு என்பர். சீட்டைக் கொடுத்தவுடன் ஒரு விடை கிடைக்கும். விடை 0 எனின் வேலை அப்பொழுதே முடிந்தது என்பது பொருள். 'இன்ப்ராக்ரஸ்' எனின் வேலை ஏற்கப்பட்டது, நடந்துகொண்டிருக்கின்றது, முடிந்தபின் மீட்டழைப்பு வரும் என்பது பொருள்.

இலக்கண நூலார் வினைச்சொல்லை முற்று என்றும் எச்சம் என்றும் பகுத்தனர். 'வந்தான்' என்புழிப் பொருள் நிரம்பிற்று. 'வந்து' என்புழி நிரம்பாது, பின்வரும் சொல்லை அவாவி நிற்கும். 0 என்னும் விடை முற்றினை ஒக்கும். இன்ப்ராக்ரஸ் எச்சத்தை ஒக்கும். மீட்டழைப்போ அவ்வெச்சத்திற்கு முடிக்குஞ்சொல்லாம். எச்சத்தை முற்றெனக் கொண்டு வாக்கியத்தை முடிப்பான் பிழைபடுதல் போல, இன்ப்ராக்ரஸ் என்னும் விடையை முடிவெனக் கொள்வானும் பிழைபடுவான்.

ஒப்படைத்தவன் கடமைகள்

காத்திராமையாற் பெறும் நன்மைக்கு ஈடாக ஒப்படைத்தவன் ஏற்கவேண்டிய கடமைகள் மூன்று.

முதலாவது, ஒப்படைத்ததைத் தொடாமை. சீட்டும், செய்தியும், விடைக்குரிய இடமும் மீட்டழைப்பு வருங்காறும் பொறியின் ஆட்சியிலுள்ளன. அந்நினைவிடத்தை முன்னரே விடுவித்தால் உட்கரு அதனைப் பிறர்க்கு வழங்கிவிடும். பொறியோ அதனை அறியாது பழைய இடத்திலேயே விடையை எழுதும். அவ்விடை மறை நீக்கப்பட்ட செய்தியாயின், ஒருவன் மறைபொருள் மற்றொருவன் ஏட்டிற் சென்று படியும். மற்றவன் ஏடும் கெடும். பூட்டிலும் குற்றமில்லை, சாவியிலும் குற்றமில்லை. ஆயினும் மறை வெளிப்பட்டது. மேலும் பல செயலிகளையுடைய கணினியில், இன்ப்ராக்ரஸ் என்னும் விடை கொடுத்தவன் கைக்கு வருமுன்னரே வேறொரு செயலியில் மீட்டழைப்பு நிகழ்ந்து முடிந்துவிடுதலும் கூடும். ஆதலின் கொடுத்த கணமே அச்சீட்டினின்றும் கையை எடுத்துவிடல் வேண்டும்.

இரண்டாவது, விடைச்சொல்லை உள்ளவாறு உணர்தல். பொறியின் வரிசை நிரம்பியிருப்பின் 'பிஸி' என்னும் விடை வரும். முற்காலத்தில் இச்சொல் இருபொருள் தந்தது. பின்வரிசையில் நிற்க இசைந்தவனுக்கு அது 'ஏற்றுக்கொண்டோம். இனி மேன்மேலும் அனுப்பாது பொறுத்திரு' என்றது. இசையாதவனுக்கோ 'ஏற்கவில்லை' என்றது. ஏற்காததனை ஏற்றதாகக் கொண்டவன் வாராத அழைப்பிற்கு என்றும் காத்திருப்பான். ஏற்றதனை ஏற்கவில்லையெனக் கொண்டவன் பொறி எழுதிக்கொண்டிருக்கும் நினைவிடத்தை விடுவித்து முற்கூறிய கேட்டிற்கு ஆளாவான். 2017ஆம் ஆண்டில் இக்குறை நீக்கப்பட்டது. ஏற்காமைக்கு 'நோஸ்பேஸ்', அஃதாவது இடமில்லை, என்னும் வேறுசொல் வகுக்கப்பட்டது. பின்வரிசையில் ஏற்றமைக்கே 'பிஸி' உரியதாயிற்று. பலபொருளொருசொல் செய்யுளிற் சிலேடைக்கு உதவும். ஒப்பந்தத்திற்கோ ஊறு செய்யும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டா. உறங்குதற்கு உரிமையுள்ள இடத்திலிருந்து வேண்டுவோர், விடை வருங்காறும் பிழையின்றிக் காத்திருத்தற்குரிய பொதுவழியொன்றும் அக்காலத்திலேயே அமைக்கப்பட்டது.

மூன்றாவது, வரிசை காத்தல். பல செயலிகளிடம் பகிர்ந்தளித்த வேலைகள், கொடுத்த முறையிலேயே முடியும் என்பதற்கு உறுதியில்லை. ஐபிசெக் பொதிகளோ வரிசையெண் உடையன. மிகவும் பிந்தி வரும் பொதியை, பகைவன் மீண்டும் அனுப்பிய பழம்பொதியோ என ஐயுற்றுப் பெறுவோன் தள்ளிவிடுவான். ஆதலின் 2010ஆம் ஆண்டில் ஸ்டெஃபன் கிளாசர்ட் என்பார், வேலையைப் பல செயலிகட்குப் பகிர்ந்தளித்து, முடிவுகளை மட்டும் கொடுத்த வரிசையிலேயே திரட்டித் தரும் 'பிகிரிப்ட்' என்னும் பகுதியைச் சேர்த்தார்.

எல்லா இடத்தும் நன்றோ?

காத்திரா முறை எங்கும் எக்காலத்தும் சிறந்தது எனக் கொள்வது பொருந்தாது. 2010ஆம் ஆண்டு முதல் இன்டெல் செயலிகளில் ஏ.இ.எஸ். சுற்றுக்களைத் தாமே செய்யும் தனிக்கட்டளைகள் அமைந்தன. இப்பொழுது அரைப்பவன் மீண்டும் செயலியே ஆயினான். தன் வேலையைத் தானே செய்யவல்லான், சீட்டெழுதி வரிசையில் இட்டுப் பின் தானே அச்சீட்டை எடுத்துச் செய்வானாயின், வேலையினும் வரிசைக்கே காலம் மிகுதியாகச் செல்லும். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தார் தம் வட்டுக்களின் வேகக்குறைவை ஆராய்ந்து, டிஎம்-கிரிப்ட் பகுதியிலுள்ள வரிசைகளே அதற்குப் பெருங்காரணம் எனக் கண்டு 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பயனாக, படித்தற்கும் எழுதுதற்கும் உரிய அவ்வரிசைகளை வேண்டாதார் விலக்கிக்கொள்ளும் விருப்பக்குறிகள் இரண்டு அவ்வாண்டின் 5.9ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டன. எனவே இம்முறையை மேற்கொள்ளுமுன் கேட்கவேண்டிய வினா ஒன்றே: வேலையைச் செய்பவன் உண்மையில் வேறொருவனா? ஆமெனின் காத்திராமை ஆதாயம். அன்றெனின் அது வீண்நடை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காத்திரா முறை காத்திருத்தலை அடியோடு ஒழிப்பதன்று. அதனைக் கடமையாக மாற்றுவதே என்பது விளங்கும். முன்பு செயலி நின்று பொறுத்தது. இப்பொழுது நிரல் எழுதுவோன் நினைந்து பொறுத்தல் வேண்டும். எதனைக் கொடுத்தோம், எவரிடம் உளது, எச்சொல்லால் ஏற்கப்பட்டது, எப்பொழுது மீளும் என்னும் நான்கினையும் அவன் மறவாதிருத்தல் வேண்டும். தாலந்துகளை ஊழியரிடம் ஒப்புவித்துப் புறதேசம் சென்ற எஜமானின் உவமையில், ஒப்புவிக்கப்பட்டவர்க்குரிய உண்மையையே யாம் பெரிதும் கேட்டிருக்கின்றோம். ஒப்புவிப்பவனுக்கும் உண்மை வேண்டும் என்பதனை இவ்வுட்கருவின் வரலாறு கற்பிக்கின்றது. லினக்ஸ் உட்கருவின் மூலம் எவரும் படிக்குமாறு வெளிப்படையாக வைக்கப்பட்டுள்ளது. நம் கல்லூரிக் கணிதப் பிரிவினரும் பௌதிகப் பிரிவினரும் அதனைப் பயில்வாராக. தமிழ்ப் பிரிவினராகிய யாம், அதன் கருத்துக்களுக்குப் பொருள் திரியாத தமிழ்ச்சொற்களை ஆக்கித் தந்து அவர்க்குத் துணையாவோம்.