கடும் மழையும் நமது வீடும்: வருமுன் காப்போம்

ஊரில் மாரி தொடங்குவதற்கு முன்பே கூரையைச் சரிபார்ப்பதும், வாய்க்கால் வெட்டிவிடுவதும், விறகை நனையாத இடத்தில் அடுக்குவதும் நமது பெற்றோரின் வழக்கம். 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியபோது உறவுகளை நினைத்து நாம் இங்கிருந்து தவித்தோம். ஆனால் பாரிசில் நாம் வாழும் வீட்டுக்கும் மழையால் கேடு வரலாம் என்று பலரும் நினைப்பதில்லை. "மூன்றாம் மாடிக்கு வெள்ளம் எப்படி வரும்?" என்று கேட்பவர்களே அதிகம். வீடு மூன்றாம் மாடியில் இருந்தாலும், நமது பொருட்கள் நிலக்கீழ் அறையில்தானே இருக்கின்றன!

பாரிசுக்கு வெள்ளம் வரும் இரு வழிகள்

முதலாவது, ஆறு பெருகுவது. 1910 ஜனவரி 28ஆம் திகதி ஒஸ்ரலிட்ஸ் பாலத்தில் செயின் நதி 8.62 மீற்றர் உயர்ந்தது. 2016 யூனில் 6.10 மீற்றரையும், 2018 ஜனவரியில் ஏறத்தாழ 5.85 மீற்றரையும் தொட்டது. இந்த இரு முறையும், இயேர் ஆறு செயினுடன் கலக்கும் வில்நெவ் சென் ஜோர்ஜில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ஆறு மெதுவாகவே உயரும். ஆயத்தம் செய்ய ஓரிரு நாட்களாவது கிடைக்கும்.

இரண்டாவது, திடீர் மழை. லாச்சப்பல் பகுதி மொன்மார்த்துக்கும் பெல்வில்லுக்கும் இடையிலான சற்று மேடான நிலம். அதனால் செயின் வெள்ளம் இங்கு எட்டுவது அரிது. ஆனால் மழை மேட்டையும் விடாது. 2017 யூலை 9ஆம் திகதி மாலை மொன்சூரி வானிலை நிலையத்தில் ஒரு மணி நேரத்தில் 49.2 மில்லிமீற்றர் மழை பதிவானது. அதாவது ஒவ்வொரு சதுர மீற்றர் நிலத்திலும் ஏறக்குறைய ஐந்து வாளி தண்ணீர். பல மெற்றோ நிலையங்கள் அன்று மூடப்பட்டன.

பாரிஸ் நகரில் பெரும்பாலும் மழைநீரும் கழிவுநீரும் ஒரே சுரங்கக் கால்வாயில் ஓடுகின்றன. கால்வாய் நிறைந்துவிட்டால் நீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து நிலக்கீழ் அறையில் பொங்கும். ஆகவே அங்கு தேங்குவது வெறும் மழைநீர் அல்ல. மலக்கழிவும் எலியின் சிறுநீரும் கலந்த நீர். நமது உடல்நலத்துக்கு உள்ள முக்கிய ஆபத்து இதுதான்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

1. நிலக்கீழ் அறையில் அரிசி மூட்டை, மா, பருப்பு போன்றவற்றை நிலத்தில் வைக்காதீர்கள். உணவுப் பொருளை வீட்டிலேயே வைப்பது நல்லது. மற்றப் பொருட்களை உயரமான தட்டில் அடுக்குங்கள்.

2. பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, ஒப்ரா தந்த பத்திரங்கள், ஊர்க் காணி உறுதி ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டு மேல்மாடியில் வையுங்கள். படமும் எடுத்து வையுங்கள். ஊரிலிருந்து மீண்டும் பெறுவது எவ்வளவு கடினம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

3. மின்சாரத்தை நிறுத்தும் பிரதான ஆளி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

4. பல்கனியிலும் முற்றத்திலும் உள்ள நீர்வடிகாலைச் சுத்தமாக வைத்திருங்கள். கூரையில் ஒழுக்கு இருந்தாலோ, நிலக்கீழ் அறையில் முன்பும் நீர் பொங்கியிருந்தாலோ, வீட்டு உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் அடைப்பானைக் குழாயில் பொருத்தும்படி கேட்கலாம். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

5. ஒரு பையில் டோர்ச் லைற், பற்றரி, குடிநீர், ஒரு வாரத்துக்கான மருந்துகள், மருந்துச் சீட்டின் பிரதி, வித்தால் அட்டை ஆகியவற்றை வையுங்கள்.

6. மெத்தியோ பிரான்சின் எச்சரிக்கை வரைபடத்தைப் பாருங்கள். செம்மஞ்சள் என்றால் மிகுந்த அவதானம். சிவப்பு என்றால் வெளியே செல்லாதீர்கள். ஆற்றோரம் வசிப்பவர்கள் விஜிகுரு தரும் நீர்மட்ட அறிவிப்பையும் கவனிக்க வேண்டும்.

மழை கொட்டும்போது

பொருளைக் காப்பாற்ற நிலக்கீழ் அறைக்கோ, நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்கோ ஒருபோதும் இறங்காதீர்கள். நீரில் மின்சாரம் பாயலாம். நீரின் அழுத்தத்தால் கதவைத் திறக்க முடியாமலும் போகலாம். அரிசி மூட்டையை மீண்டும் வாங்கலாம், உயிரை வாங்க முடியாது. லிப்டைப் பாவிக்க வேண்டாம். உயிராபத்து என்றால் 18 அல்லது 112, மருத்துவ அவசரம் என்றால் 15 இலக்கத்தை அழையுங்கள். பிரெஞ்சு பேசத் தயங்கும் முதியவர்களுக்கு இந்த இலக்கங்களையும், வீட்டு முகவரியைச் சொல்லும் விதத்தையும் இப்போதே பழக்கி வையுங்கள்.

மின்சாரம் நின்றால், திறக்காத குளிர்சாதனப்பெட்டி சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம் வரை தாங்கும். உருகிய மீனையும் இறைச்சியையும் மீண்டும் உறைய வைக்காதீர்கள். இன்சுலின் பாவிப்பவர்கள், அது வெளியில் எத்தனை நாள் தாங்கும் என்பதை மருந்தாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கரி அடுப்பையோ மின்பிறப்பாக்கியையோ வீட்டுக்குள் இயக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. தூக்கத்திலேயே கொல்லும்.

நீர் வடிந்த பின்

சுத்தம் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு 5 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அரசு இயற்கை அனர்த்தமாக அறிவித்தால், அந்த ஆணை வர்த்தமானியில் வெளியான நாளிலிருந்து 30 நாட்கள் அவகாசம் உண்டு.

நீர் நின்ற இடத்தில் மின்சாரத்தைத் தகுதியானவர் பரிசோதித்த பின்னரே மீண்டும் போடுங்கள். இறப்பர் சப்பாத்தும் கையுறையும் அணிந்து, முதலில் சவர்க்காரத்தால் கழுவி, பிறகு குளிர்ந்த நீரில் கலந்த ஜவெல் கொண்டு துடையுங்கள். ஜவெலுடன் வினாகிரியையோ கழிவறை அமிலத்தையோ கலந்தால் நச்சுவாயு உண்டாகும். வெள்ளநீர் பட்ட உணவை, மூட்டை வெளியே காய்ந்திருந்தாலும், எறிந்துவிடுங்கள்.

நனைந்தவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சு நோய்களும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைப்பதும், அறைக்குள் உடுப்புக் காயவிடுவதும், சோறு கறி சமைக்கும் ஆவியை வீட்டுக்குள்ளேயே விடுவதும் நம் வீடுகளில் காணும் பழக்கங்கள். குளிர்காலத்திலும் தினமும் 10 நிமிடமாவது யன்னலைத் திறந்து விடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

வெள்ளநீரில் நின்றவருக்கு அடுத்த ஓரிரு வாரங்களில், சில வேளை நான்கு வாரங்களுக்குள், காய்ச்சல், கடும் தலையிடி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஏற்பட்டால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "கழிவுநீரில் நின்றேன்" என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்தக் கோணத்தில் பரிசோதிப்பார். காயம் பட்டிருந்தால் ஏற்புவலித் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். பிரான்சில் 25, 45, 65 வயதுகளிலும், அதன்பின் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இதைப் போட வேண்டும். நம்மவர் பலர் மறந்துபோகும் ஊசி இது. பிள்ளையின் இருமலும் இழுப்பும் விடாமல் தொடர்ந்தால், வீட்டில் ஈரம் இருப்பதையும் வைத்தியரிடம் தெரிவியுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பார்கள். இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, குடும்பத்துடன் நிலக்கீழ் அறைக்குச் சென்று பாருங்கள். பக்கத்து வீட்டில் தனியே வாழும் முதியவரின் அறையையும் ஒழுங்கு செய்து கொடுங்கள்.